தீனபந்து சாண எரிவாயுக் கலன்: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

எங்கள் தோட்டத்தில் இருப்பது 2 கனமீட்டர் தீனபந்து மாடல். செங்கல்லால் கட்டி மண்ணுக்குள் புதைத்த குவிமாடம். வாயுவைத் தேக்கி வைக்க இரும்பு டிரம் கிடையாது, அதனால் துருப்பிடிக்கும் தொல்லையும் இல்லை.

முதலில் கணக்கு. ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். தினமும் 2 கனமீட்டர் வாயு வேண்டுமென்றால் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். ஒரு கனமீட்டர் வாயு ஏறக்குறைய 0.43 கிலோ எல்பிஜிக்குச் சமம். அப்படிப் பார்த்தால் மாதம் ஒன்றே முக்கால் சிலிண்டர் மிச்சமாக வேண்டும். எங்களுக்கு ஒன்று மிச்சமாகிறது, அவ்வளவுதான். கலனில் குறை இல்லை. மேயப் போகும் மாடு பாதிச் சாணத்தைக் காட்டிலேயே போட்டுவிடுகிறது. கட்டுத்தரையில் விழுவதுதான் நமக்கு. நாட்டில் இத்தனை கோடி மாடு, அதனால் இவ்வளவு எரிவாயு என்று பெருக்கிக் காட்டும் கணக்குகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

மார்கழி, தை மாதங்களில் வாயு நன்றாகவே குறையும். குளிரில் கலனுக்குள் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். அப்போது வெயிலில் சூடான தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம், ஓரளவு பலன் உண்டு.

சுடர் விட்டுவிட்டு எரிந்தால் பைப்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். பைப்பின் தாழ்வான இடத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்கல் நீர் வடியும். மூடிவிட்டுப் பற்ற வைத்தால் நீலச் சுடர் நிதானமாக நிற்கும். அடுப்பு மட்டும் சாண எரிவாயுவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இதில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம்தான்; மீதி பெரும்பாலும் கரியமில வாயு. சிலிண்டர் அடுப்பின் சின்னத் துளைக்கு இது சரிப்படாது.

என்னைக் கேட்டால், வாயுவை விடப் பெரிய லாபம் கலனிலிருந்து வெளியே வரும் சாணக் கரைசல்தான். எருக்குழியில் வெயிலில் காயும் சாணத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடும். கலனில் கரிமம்தான் (கார்பன்) வாயுவாகப் பிரிகிறது, தழைச்சத்து பெரும்பாலும் தங்கிவிடுகிறது. நாற்றம் குறைவு, ஈயும் அவ்வளவாக மொய்ப்பதில்லை. வாய்க்கால் தண்ணீரோடு தென்னைக்கு விடுகிறோம், யூரியா வாங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கட்டுத்தரையிலேயே நிற்கும் மாடு இரண்டு மூன்று இருந்தால் 1 கனமீட்டர் கலன் போதும். சமையலறைக்குப் பக்கத்திலேயே கட்டுங்கள், பைப் நீண்டால் அழுத்தம் குறையும். அப்புறம், தினமும் காலையில் சாணி கரைப்பது யார் என்பதைக் கொத்தனாரைக் கூப்பிடும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.