லிபரேட்டர் 1:72 கிட்: டெக்காலுக்காக வாங்கலாம், பிளாஸ்டிக்குக்காக வேணாம்

கம்பெனி பேரு, வித்தவங்க பேரு ரெண்டும் போடல, குறை நிறைய சொல்லப்போறேன், எதுக்கு வம்பு. இது நாமளே ஒட்டிச் செய்யுற பிளாஸ்டிக் மாடல் கிட். பி-24 லிபரேட்டர், ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானம், 1:72 அளவுல, அதாவது நெச விமானத்துல 72ல ஒரு பங்கு. கூரியரோட சேத்து 4,000க்கு மேல ஆச்சு. ராமநாதபுரத்துல எந்தக் கடையிலயும் இதெல்லாம் கிடைக்காது, ஆன்லைன்தான். மண்டபம் வந்து சேந்தப்போ பெட்டி ஒரு மூலை நசுங்கி இருந்துச்சு, நல்லவேளை உள்ள ஒண்ணும் ஆகல.

நான் வாங்குனதுக்குக் காரணமே டெக்கால் ஷீட்தான், விமானத்து மேல ஒட்டுற சின்னம், நம்பர் எல்லாம் இருக்குற தாள். மூணு விமானத்துக்குக் குடுத்திருக்கான். ஒண்ணு அமெரிக்கா, அத விடுங்க. ரெண்டாவது பிரிட்டிஷ் விமானப்படையோட 160வது ஸ்குவாட்ரன், அதாவது படைப்பிரிவு. இவங்க சிலோன்ல இருந்தவங்க, சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியான்னு மாறி மாறி. காங்கேசன்துறைன்னா நமக்கு பாக் ஜலசந்திக்கு அந்தப்பக்கம், அவ்ளோதான். 1945ல மின்னேரியாவுலருந்து கிளம்பி சிங்கப்பூர் துறைமுகத்துல கப்பல தகர்க்குற கடல் கண்ணிவெடி போட்டுட்டு திரும்பி வந்திருக்காங்க, போக வர 20 மணி நேரத்துக்கு மேல, முழுக்க கடல் மேலயே. பைலட், நேவிகேட்டர், வயர்லெஸ் ஆளு, கன்னர்னு ஒரு க்ரூ பூரா அந்த தகர டப்பாக்குள்ள அத்தன நேரம். நடுவுல பாம் பே, அதாவது குண்டு வைக்கிற அறை, அதுக்குள்ள முன்னயும் பின்னயும் போக ஒரு அடி அகலம்கூட இல்லாத ஒரு பலகைப் பாதை, அதுலதான் நடக்கணும். கிட்டுல அந்தப் பாதை சரியா வந்திருக்கு, ஆனா மூடிட்டா தெரியாது, அதனால பாம் பே கதவத் திறந்த மாதிரியே செய்ங்க. அந்தக் கதவும் வெளிய விரியாது, கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டுல சுருண்டு மேல ஏறும், அத அழகா பண்ணிருக்கான்.

மூணாவதுதான் விஷயமே. நம்ம ஏர்ஃபோர்ஸ் விமானம், நம்பர் எச்இ 807. இதப் பத்தி குறிப்புப் புத்தகத்துல என்ன எழுதிருக்கான்னா "இந்திய விமானப்படை, 1950கள்". அவ்ளோதான். இவ்ளோ காசு வாங்கிட்டு நாலு வரி எழுதக்கூடாதா? சரி நான் சொல்றேன். இது ஃபோர்டு கார் கம்பெனிக்காரன் வில்லோ ரன் ஃபேக்டரியில செஞ்சது. பிரிட்டிஷ்காரன்கிட்ட போனப்போ நம்பர் கேஎன் 751, 1945ல 99வது ஸ்குவாட்ரன்ல இந்தியப் பெருங்கடல்ல இருக்குற கொக்கோஸ் தீவுல இருந்துச்சு. ஜப்பான் சரணடைஞ்சப்புறம் அந்த ஸ்குவாட்ரன் லிபரேட்டருங்க குண்டுக்குப் பதிலா கைதி முகாம்கள்ல சாப்பாடும் மருந்தும் போட்டுச்சு.

போர் முடிஞ்சு லிபரேட்டர் எல்லாத்தையும் கான்பூர்ல கொண்டுவந்து குவிச்சு, அமெரிக்காகிட்ட இரவல் வாங்குன ஒப்பந்தப்படி வேற யாரும் ஓட்டிறக்கூடாதுன்னு வேணும்னே உடைச்சுப் போட்டுட்டுப் போயிட்டான் வெள்ளைக்காரன். 1948ல பெங்களூர் விமானக் கம்பெனி எச்ஏஎல் ஆளுங்க அந்தக் குவியல்லருந்து ஒவ்வொண்ணா பொறுக்கி, பறக்குற அளவுக்கு ஒப்பேத்தி, டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி அத கான்பூர்லருந்து பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்திருக்காரு. உடைச்சுப் போட்ட விமானத்த! அங்க முழுசா ரிப்பேர் பண்ணி 5வது ஸ்குவாட்ரனுக்குக் குடுத்தாங்க. அப்புறம் 6வது ஸ்குவாட்ரன் இத வச்சு கடல் ரோந்து போச்சு. 1968 வரைக்கும் ஓட்டிருக்கோம். எச்இ 807 ஓய்வுக்கப்புறம் 1974ல பறந்தே இங்கிலாந்து போயி அங்க ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துல நிக்குது. இது கூடப்பொறந்ததுல எச்இ 924 டெல்லி பாலம் மியூசியத்துல இருக்கு. 18,000க்கு மேல செஞ்ச விமானம், இன்னைக்கு உலகத்துல மிச்சம் இருக்குற கொஞ்சநஞ்சத்துல பல விமானம் நம்மகிட்டருந்து போனதுதான். இது ஒரு வரிகூட புத்தகத்துல இல்லன்னா எரிச்சலா வராதா.

இப்ப பிளாஸ்டிக். பழைய அச்சு, ஓரமெல்லாம் பிசிறு, இறக்கை உடம்போட சேர்ற எடத்துல நகம் போற அளவு இடைவெளி, புட்டி வச்சு தேய்ச்சே ஆகணும். இன்ஜின் மூடி முட்ட வடிவத்துல சரியா வந்திருக்கு, நிறைய கிட்டுல வட்டமா போட்டு சொதப்புவான், இதுல இல்ல. பின் டரட் (வால் பக்கம் துப்பாக்கிக்காரர் உக்கார்ற கூண்டு) கண்ணாடி எனக்கு வந்ததுல கீறலோட இருந்துச்சு. செஞ்சு முடிச்சா இறக்கை 46 செமீ வரும், வீட்ல எங்க வைக்கப்போறோம்னு முதல்லயே யோசிச்சுக்கங்க.

முக்கியமான விஷயம், மூக்குல வெயிட் வைக்கணும். இது முன் சக்கர விமானம், வெயிட் இல்லன்னா வால்ல குத்தவச்சு உக்காந்துரும். நெசத்துலயே அப்படித்தான், தரையில நிக்கும்போது வாலுக்கு முட்டு குடுப்பாங்க. வெயிட்டுன்னு தனியா விக்கிறத வாங்காதீங்க, காசு வேஸ்ட். மீன்வலைக் கடையில ஈயக்குண்டு கிடைக்கும், ஐம்பது அறுபது கிராம் போதும். கடைக்கார பாய் "இவ்ளோண்டு ஈயம் எந்த வலைக்கு தம்பி?"ன்னு கேட்டாரு, விமானத்துக்குன்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு காசே வாங்கல.

டெக்கால் நல்ல மெல்லிசு, தண்ணில போட்டதும் சட்டுனு கழண்டு வருது, ஆனா நம்ம ஏர்ஃபோர்ஸ் சின்னமான வட்டத்துல காவி சிவப்பா அடிச்சு வச்சிருக்கான். இன்னொரு கூத்து, 160வது ஸ்குவாட்ரனுக்கு வட்டத்துல நடுவுல சிவப்புப் புள்ளி. இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானத்துல ஜப்பான் சூரியன்னு நெனச்சு சொந்த ஆளே சுட்டுறக்கூடாதுன்னு சிவப்பையே எடுத்துட்டு, ரெண்டு நீலம் மட்டும் போட்டாங்க. அதனால அந்த வெர்ஷன் செய்றவங்க வேற ஷீட் தேடணும்.

கடற்கரை ஆளுங்களுக்கு ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில வெள்ளி பெயிண்ட் அடிக்காதீங்க, உப்புக்காத்தும் ஈரமும் சேந்து பூத்துப்போகும், கிளாஸ் வார்னிஷ் போட்டும் எனக்கு டெக்கால் ஓரம் வெளுத்துச்சு. மாசி பங்குனியில வெயில் ஏறுனப்புறம் ஜன்னல சாத்திட்டு அடிங்க. அஞ்சுக்கு மூணு. டரட் கண்ணாடிக்கு மெயில் போட்டிருக்கேன், அனுப்புனா மூணரை ஆக்குறேன்.