பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பாதைகளில் மவுண்டன் பைக்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையில் விரிந்துகிடக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட், 1951இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. அதன் வடபகுதிப் பாதைகளில் பல ஆண்டுகளாக, எல்லாப் பருவங்களிலும் மவுண்டன் பைக் ஓட்டிவருகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எந்த வண்டி வாங்கலாம், எந்த இறக்கம் கடினமானது என்றே கேட்கிறார்கள். அவற்றுக்கு முன்பு கேட்க வேண்டியவை வேறு இரண்டு: அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்ட உரிமை உண்டா, கடந்த வாரம் அங்கே எவ்வளவு மழை பெய்தது.

உரிமையை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் நடப்பதற்கு மட்டும் உரிய ஃபுட்பாத்தும் குதிரையும் செல்லக்கூடிய பிரைடில்வேயும் சட்டப்படி வெவ்வேறானவை. பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டலாம் என்ற உரிமை 1968ஆம் ஆண்டின் கண்ட்ரிசைடு சட்டத்தால்தான் கிடைத்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. திறந்த மேட்டுநிலங்களில் விரும்பியபடி அலையும் உரிமையைத் தந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பவர்களுக்கானது மட்டுமே. 1932இல் தொழிலாளர்கள் திரளாக அத்துமீறி நுழைந்து உரிமை கேட்ட கிண்டர் ஸ்கவுட் மலை இதே பூங்காவில்தான் இருக்கிறது என்றாலும், அதன் உச்சிப் பீடபூமியில் சைக்கிளுக்கு இன்றும் இடமில்லை. பொறுப்போடு நடந்துகொண்டால் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களில் சைக்கிள் ஓட்டலாம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதைப் பார்க்கும்போது, இங்கிலாந்தின் விதி கஞ்சத்தனமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி விதிதான்.

ஆகவே பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் ஓஎல்1 வரைபடம் என் பையில் எப்போதும் இருக்கும். அதில் குட்டைப் பச்சைக் கோடுகள் ஃபுட்பாத்தையும் நீண்ட பச்சைக் கோடுகள் பிரைடில்வேயையும் காட்டுகின்றன. தரையில் முன்னதற்கு மஞ்சள் அம்பு, பின்னதற்கு நீல அம்பு. மாம் டோர் குன்றிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் வரை மலைமுகட்டில் ஓட்டிச் செல்லலாம். அங்கிருந்து லோஸ் ஹில் நோக்கி அதே முகடு தொடர்ந்து போனாலும் பாதை ஃபுட்பாத்தாக மாறிவிடுவதால், சைக்கிள் கீழே இறங்கியாக வேண்டும். கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாத இத்தகைய இடங்களில்தான் வரைபடம் தேவைப்படுகிறது.

பிரைடில்வேக் கதவுகள் பலவற்றில் தாழ்ப்பாளோடு இணைந்த நீண்ட இரும்புக் கைப்பிடி ஒன்று கதவுக்கு மேலே உயர்ந்து நிற்கும். குதிரையிலிருந்து இறங்காமலே திறப்பதற்காக வைத்தது அது. சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு கையால் கைப்பிடியை இழுத்து, முன்சக்கரத்தால் கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மறுபடி மூடியதைச் சரிபார்க்கும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். மூடாமல் விட்டால் அடுத்த பள்ளத்தாக்கு வரை ஆடுகள் போய்விடும். குதிரைகள் எதிரே வந்தால் தொலைவிலேயே நின்று, குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே முறை.

அடுத்தது மண். பூங்காவின் தெற்கே சுண்ணாம்புக்கல், வடக்கே சொரசொரப்பான மணற்கல்லும் அதன்மேல் மட்கிய தாவரங்களால் ஆன, நீரைத் தேக்கிவைக்கும் பீட் மண்ணும். சுண்ணாம்புக்கல் நனைந்தால் சோப்புத் தடவிய தரை போல வழுக்கும். மணற்கல் மழையிலும் டயரைப் பிடித்துக்கொள்ளும். வடபகுதியின் புகழ்பெற்ற இறக்கங்கள் குளிர்காலத்திலும் ஓட்டத்தக்கவையாக இருப்பதற்கு இதுவே காரணம். ஈடேல் கிராஸிலிருந்து அப்பர் பூத் நோக்கி இறங்கும் ஜேக்கப்ஸ் லேடர் அவற்றுள் ஒன்று. பொதிக்குதிரைகள் உப்பும் துணியும் சுமந்த காலத்துப் பாதை அது. இன்று நேராக இறங்கும் படிகள் நடப்பவர்களுக்கு, சுற்றி வளைந்து இறங்கும் தளர்கற்பாதை நமக்கு. 1737 என்று பொறித்த கல்தூண் நிற்கும் ஹோப் கிராஸ் பக்கமிருந்து ஹாக்வாட்டர் பாலத்துக்கு இறங்கும் பாதையை எல்லோரும் ‘பீஸ்ட்’ என்றே அழைக்கிறார்கள். முழங்கால் உயரக் கல்திட்டுகள் அடுத்தடுத்து வரும் அந்த இறக்கத்தில், நல்ல பயிற்சி உள்ளவர்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்குவதைக் கண்டிருக்கிறேன்.

பீட் மண்ணோ வேறு குணம் கொண்டது. ஹவ்டன் நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் பாலத்திலிருந்து லாங்செட் வரை செல்லும் கட் கேட் பாதை, ஒரு காலத்தில் டெர்வென்ட் பள்ளத்தாக்கு விவசாயிகள் பெனிஸ்டன் சந்தைக்கு ஆடுகளை ஓட்டிச்சென்ற வழி. அந்தப் பாலமே இடம்பெயர்ந்தது: லேடிபவர் நீர்த்தேக்கத்தில் டெர்வென்ட் கிராமம் மூழ்குவதற்கு முன்பு, அங்கிருந்த பொதிக்குதிரைப் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்துவைத்து, 1959இல் இங்கே மீண்டும் கட்டினார்கள். 500 மீட்டருக்கு மேலே போகும் இந்தப் பாதை வறண்ட கோடையில் இங்கிலாந்தின் மிகச்சிறந்த மலைச்சவாரிகளுள் ஒன்று. ஆகஸ்டில் ஹெதர் என்னும் குறும்புதர் பூத்து மேடு முழுவதும் ஊதாவாகிவிடும். மழைக்காலத்தில் இதன் மேல்பகுதி அச்சு வரை சக்கரத்தை விழுங்கும் சேறு. சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கி ஓட்ட, பாதை பக்கவாட்டில் அகன்று, அருகிலிருக்கும் தாவரப்பரப்பு அழிகிறது. மலைப்பாதைகளைச் செப்பனிட 2018இல் நடந்த ‘மெண்ட் அவர் மவுண்டன்ஸ்’ நிதிதிரட்டலில் இந்தப் பாதையும் சேர்க்கப்பட்டு, மோசமான பகுதிகள் பின்னர் செப்பனிடப்பட்டன. அதற்குப் பிறகும் நவம்பர் முதல் மார்ச் வரை நான் அங்கே போவதில்லை. உறைபனியில் தரை கல்லாக இறுகிய நாள் அமைந்தால் மட்டும் விலக்கு.

செப்பனிடுதல் எப்போதும் நல்லபடியாக முடிவதில்லை. ரஷப் எட்ஜ் அருகிலுள்ள பிரைடில்வேயில் 2014இல் இயற்கையான கற்படிகளின் மேல் சரளைக்கல் கொட்டிச் சமன்செய்தபோது, சைக்கிள்காரர்களோடு நடப்பவர்களும் மலையேறுபவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். இந்த விஷயத்தில் நான் எதிர்த்தவர்கள் பக்கம். வடிகாலைச் சரிசெய்து சேற்றைத் தடுப்பதும், கல்லின் குணத்தையே துடைத்துவிடுவதும் ஒன்றல்ல. செயற்கையான வளைவுகளும் மேடுகளும் வேண்டுமென்றால், ஷெஃபீல்டின் விளிம்பிலுள்ள லேடி கானிங்ஸ் தோப்பில் சைக்கிளுக்கென்றே கட்டிய தடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளோடு போவதற்கு அவை மிகவும் பொருத்தம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. முன்சஸ்பென்ஷன் மட்டும் உள்ள ஹார்ட்டெயிலில் மேற்சொன்ன எல்லாப் பாதைகளையும் ஓட்டலாம். பின்சஸ்பென்ஷனும் இருந்தால் முதுகு நன்றி சொல்லும். என் எடைக்கு முன்டயரில் 22, பின்டயரில் 26 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன். அதற்குக் கீழே போனால், பாதையின் குறுக்கே சாய்வாகப் பதித்திருக்கும் வடிகால் கற்களின் விளிம்பு நேராக ரிம்மில் இடிக்கிறது. அந்தக் கற்களைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் விளிம்போடு வழுக்கிப் போகும். நேர்க்குத்தாகவே கடக்க வேண்டும். மணற்கல் துகள் மழைநீரோடு கலந்து அரைபசையாகி பிரேக் பேடுகளைத் தின்றுவிடுகிறது. பிசின் கலவையாலான ரெசின் பேட் போட்டிருந்தால், நல்ல மழைநாளின் நீண்ட சவாரியிலேயே உலோகத்தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடலாம். சத்தம் கூடினாலும், உலோகத்தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேடுதான் இங்கே கட்டுப்படியாகும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருப்பதும் அவசியம். 250 வாட் வரம்புக்குள் இருக்கும் மின்சைக்கிள்களுக்கும் பிரைடில்வே உரிமை உண்டு என்பதால் ஏற்றத்துக்கு அஞ்சுபவர்கள் அவற்றைப் பரிசீலிக்கலாம், ஆனால் ஓட்ட முடியாத கற்திட்டுகளில் அந்த எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் முறை வருபவர்களுக்கு ஃபேர்ஹோம்ஸ் மையத்திலிருந்து டெர்வென்ட், ஹவ்டன் நீர்த்தேக்கங்களைச் சுற்றும் வழியைத்தான் சொல்வேன். மேற்குக்கரையில் தார்ச்சாலை, கிழக்குக்கரையில் கல்பரவிய அகலமான பாதை, இரண்டும் சேரும் மேல்முனையில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் பாலம். கிழக்குக்கரைக் கற்களில் வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், அடுத்த வாரம் ரயிலேறி ஈடேல் நிலையத்தில் இறங்கி ஜேக்கப்ஸ் லேடரைப் பார்க்கலாம். ரயிலில் சைக்கிளுக்கான இடம் குறைவு என்பதால் காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் விளக்கும் இருக்கட்டும்.