பழைய மரப்படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

'அபூர்வமான' பழைய கிறிஸ்-கிராஃப்ட் (அமெரிக்கப் படகு கம்பெனி) படகு என்று நம்பி முன்பணம் கொடுத்து ஏமாந்துவிட்டேன். அந்த வியாபாரி இதே பேச்சை இன்னொருவரிடமும் பேசத்தான் போகிறார். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"1941-ல கட்டின பேரல்-பேக் சார். இந்த மாதிரி நாலஞ்சுதான் மிச்சம். நாளைக்கே இன்னொருத்தர் பார்க்க வர்றார்" என்றார். பின்பக்கம் பீப்பாய் போல உருண்டிருப்பதால் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சில வருடங்களில்தான் அதைக் கட்டினார்கள். போர் வந்ததும் கம்பெனி ராணுவத்துக்குத் தரையிறங்கு படகுகள் கட்டப் போய்விட்டது. பழைய படகு ஆர்வலர்களின் சங்கமான ஆன்டிக் அண்ட் கிளாசிக் போட் சொசைட்டியின் வகைப்பாட்டில் 1919 முதல் 1942 வரை கட்டியவைதான் 'ஆன்டிக்'. நான் தேடிப் படித்தவரைக்கும் இந்த வரலாறு சரியாகவே இருந்தது. அந்த வரலாற்றுக்கும் அந்தப் படகுக்கும் சம்பந்தம் உண்டா என்றுதான் நான் பார்க்கவில்லை.

கிறிஸ்-கிராஃப்ட் கட்டிய ஒவ்வொரு மரப்படகுக்கும் தொழிற்சாலையில் ஒரு அட்டை எழுதுவார்கள். படகின் எண், இன்ஜின், அனுப்பிய தேதி, எந்த டீலருக்குப் போனது என்ற விவரங்கள் அதில் இருக்கும். அந்த அட்டைகள் இப்போது வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரைனர்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் நகல் கிடைக்கும். வியாபாரி ஒரு நகலை நீட்டினார். ஸ்டீயரிங் பக்கத்துப் பித்தளைத் தகட்டில் இருந்த எண்ணும் அட்டையில் இருந்த எண்ணும் ஒன்றே. இன்ஜின் எண்ணும் ஒத்துப்போனது. அதோடு விசாரணையை நிறுத்திக்கொண்டேன்.

மதிப்பீட்டாளரையும் அவரே கூட்டி வந்தார். அந்த மனிதர் வார்னிஷைத் தடவிப் பார்த்து, பத்து நிமிடத்தில் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். விற்பனையில் அவருக்கும் கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. விலைக்கு ஆதாரமாகக் காட்டிய விளம்பரங்களெல்லாம் மற்றவர்கள் கேட்கும் விலை. அந்த விலைக்கு ஒரு படகாவது விற்றதா என்று நான் கேட்கவே இல்லை. அதில் இரண்டு விளம்பரங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன.

மீதிப் பணம் கொடுக்கும் முன், நானே காசு கொடுத்து மரப்படகு தெரிந்த ஒரு சர்வேயரை, அதாவது படகைப் பரிசோதிப்பவரை, அழைத்துப் போனேன். அவர் முதலில் தகட்டைக் கழற்றினார். அடியில் மரம் சுற்றியுள்ள அதே நிறம். தகடு வெகுகாலம் அங்கே இருந்ததைக் காட்டும் பழைய வார்னிஷ் வரம்பு எதுவும் இல்லை. "புதுப்பிக்கும்போது கழற்றி மாட்டியிருக்கலாமே" என்றேன். பதில் சொல்லாமல் பக்கப் பலகையில் திருகாணித் தலையை மறைக்கும் ஒரு மரத்தக்கையைச் சிறிய உளியால் மெதுவாக நெம்பினார். உள்ளே பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி. போருக்கு முந்தைய படகில் பித்தளையோ வெண்கலமோ இருந்திருக்க வேண்டும். பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்து உள்சட்டங்களைப் பார்க்கச் சொன்னார். ஒரு சட்டத்தில்கூடப் பழைய திருகாணித் துளை இல்லை.

அடிப்பலகையை மாற்றுவது பழைய படகுகளில் சகஜம், அதில் தவறே இல்லை. ஆனால் இங்கே அடிப்பலகை, பக்கப் பலகை, உள்சட்டம் எல்லாமே புதிது. உளுத்துப்போன ஏதோ ஒரு படகின் தகட்டையும் இன்ஜினையும் எடுத்து, புதிதாகக் கட்டிய படகில் பொருத்தியிருக்கிறார்கள். அட்டை அசல், எண் அசல், மரம் மட்டும் நேற்றையது. பழைய மாதிரியைப் பார்த்துக் கட்டிய புதுப் படகு என்று சொல்லி விற்றிருந்தால் அது நேர்மையான, அழகான படகு. விலையும் வேறாக இருந்திருக்கும்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரசீதைப் பாருங்க" என்றார். அதில் 'மரப்படகு, ஒன்று' என்று மட்டும்தான் இருந்தது. வருடமும் இல்லை, எண்ணும் இல்லை. கட்டிய வருடம், படகின் எண், எத்தனை பங்கு பழைய மரம், சர்வேயில் மாறுபட்டால் முழுப் பணமும் திரும்பும் என்ற உறுதி, இவ்வளவையும் எழுதி வாங்காமல் யாரும் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம்.

அந்தப் படகு இன்னும் விற்பனைக்கு நிற்கிறது. தகட்டை மறுபடி அதே இடத்தில் மாட்டிவிட்டார்கள். பார்க்கப் போகிறவர்கள், ஒரே ஒரு மரத்தக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.