வெள்ளவத்தையில ஒரு கவுன்சலிங்: "படிச்சு முடிச்சிட்டு என்ன வேலை பிள்ளை?" எண்டு முதல் கேட்ட இடம்

தங்கச்சி கியூ.எஸ் (குவான்டிட்டி சர்வேயிங், கட்டிட வேலையளின்ட அளவும் செலவும் கணக்குப் பாக்கிற தொழில்) டிகிரி முடிச்சிட்டு மாஸ்டர்ஸ் செய்ய யூகே போகப்போறன் எண்டு ஒரே பிடியில நிண்டவள். அதால போன வருஷம் முழுக்க கொழும்பில பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி எண்டு ஏஜென்சி ஏஜென்சியா நானும் அவளும் ஏறி இறங்கினனாங்கள். கடைசியா போன ஒரு இடத்தைப் பற்றித்தான் எழுதுறன், பிள்ளையளை வெளிநாடு அனுப்ப யோசிக்கிற ஆக்கள் கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

இடம் வெள்ளவத்தையில காலி வீதியில ஒரு ஃபார்மசிக்கு மேல, ரெண்டாம் மாடி. போர்டும் இல்ல. ஒரு அக்கா தனியா நடத்துறா, லண்டனில கன்ஸ்ட்ரக்ஷன் கொம்பனியளுக்கு ஆள் எடுக்கிற வேலையில கன வருஷம் இருந்திட்டுத் திரும்பி வந்தவ. பேரையும் நம்பரையும் பொதுவில போடவேண்டாம் எண்டு கேட்டவ, அதால போடேல்ல, வேணுமெண்டா இன்பொக்ஸ் பண்ணுங்கோ. ஒண்டரை மணித்தியாலத்துக்கு 6,000 ரூபா எடுத்தவ. மற்ற இடமெல்லாம் ஃப்ரீ, இது ஏன் காசு எண்டு அப்பாவுக்கு கோவம். ஃப்ரீயா செய்யிற ஏஜென்சியளுக்கு யூனிவர்சிட்டி பிள்ளைக்கு இவ்வளவு எண்டு கமிஷன் குடுக்குது, அதால அவைக்கு நாங்கள் எங்கயாவது போய்ச் சேர்ந்தாச் சரி. இவ எந்த யூனிவர்சிட்டிட்டயும் ஒரு சதமும் வாங்கிறேல்ல எண்டு முதலே சொன்னவ.

இதுக்கு முதல் போன இடத்தில (பேர் வேண்டாம்) எங்களுக்கு நடந்ததையும் சொல்லவேணும். தங்கச்சிக்கு புரொஜெக்ட் மேனேஜ்மெண்டில எம்.எஸ்.சி எண்டு ஒரு ஓஃபர் லெட்டர் எடுத்துத் தந்து, டெப்பொசிட் கட்டுங்கோ கட்டுங்கோ எண்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கா கோல். படிச்சு முடிய என்ன எண்டு கேட்டா "ரெண்டு வருஷம் விசா இருக்குத்தானே, அதுக்குள்ள ஏதாவது வேலை கிடைக்கும்" எண்டு சொன்னவை. இதை நம்பித்தான் அப்பா வவுனியா வீட்டு உறுதியை பேங்கில வச்சு லோன் எடுக்க வெளிக்கிட்டவர். அந்த ரெண்டு வருஷக் கதையே பிழை எண்டு எங்களுக்கு இந்த அக்கா சொல்லித்தான் தெரியும். 2021 ஜூலையில தொடங்கின அந்த கிராஜுவட் விசா (படிச்சு முடிச்ச ஆக்கள் அங்க நிண்டு வேலை தேடவும் செய்யவும் குடுக்கிறது) இவ்வளவு நாளும் ரெண்டு வருஷம்தான், ஆனா 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்ற ஆக்களுக்கு, பி.எச்.டி காரரைத் தவிர, 18 மாசம். 2026 செப்டெம்பர் போற பிள்ளை ஒரு வருஷ மாஸ்டர்ஸை முடிச்சு அப்ளை பண்ணேக்க 2027 கடைசி ஆகிடும், அப்ப அவளுக்கு 18 மாசம்தான்.

அவ முதல் கேட்ட கேள்வி நாடு இல்ல, யூனிவர்சிட்டியும் இல்ல. "படிச்சு முடிச்சிட்டு என்ன வேலை பிள்ளை? எந்த மாதிரி கொம்பனி? சம்பளம் எவ்வளவு?" தங்கச்சிக்கு பதில் வரேல்ல. பிறகு லெப்டொப்பை அவளின்ட பக்கம் திருப்பி வச்சு, விசா ஸ்பொன்சர் பண்ண லைசென்ஸ் உள்ள கொம்பனியளின்ட லிஸ்டை யூகே அரசாங்கத்தின்ட வெப்சைட்டில இருந்து அவளையே டவுன்லோட் பண்ணச் சொன்னவ. ஒரு லட்சத்துக்கு மேல பேர் அதில. கியூ.எஸ் ஆக்களை எடுக்கிற பெரிய கொம்பனி பத்தின்ட பேரை அவளே தேடிப் பிடிச்சு, ஒவ்வொண்டின்ட வேலை விளம்பரத்தையும் துறந்து வாசிக்க வச்சவ. லைசென்ஸ் இருந்தாலும் எல்லா வேலைக்கும் ஸ்பொன்சர் பண்ணமாட்டாங்கள், "ஸ்பொன்சர்ஷிப் இல்ல" எண்டு விளம்பரத்துக்கு அடியில சின்னனா போட்டிருப்பாங்கள் எண்டு விரலை வச்சுக் காட்டினவ. பத்தில ஆறில அப்படி இருந்தது. தங்கச்சின்ட முகம் அப்பிடியே மாறிப்போச்சு, ஆனா அந்த அரை மணித்தியாலத்தில அவள் படிச்சதை ஒரு ஏஜென்சியும் ஒரு வருஷமா சொல்லித் தரேல்ல.

பிறகு ஒரு கொப்பி ஒற்றையில கணக்குப் போட்டவ. அங்க வேலை விசாக்கு, ஸ்கில்ட் வேர்க்கர் எண்டு சொல்றது, பொதுவா வருஷச் சம்பளம் 41,700 பவுண் வேணும், அந்த வேலைக்கெண்டு வச்சிருக்கிற ரேட் அதைவிடக் கூடவெண்டா அதுதான் கணக்கு. 2024 ஏப்ரலில 26,200ல இருந்து 38,700 ஆக்கினவங்கள், 2025 ஜூலையில திரும்பவும் ஏத்திட்டாங்கள். அங்க படிச்சிட்டு இந்த வேலை விசாக்கு மாறுற பிள்ளையளுக்கு ஒரு சலுகை இருக்கு, அவைக்கு 33,400ல இருந்து. அதை 12ஆல பிரிச்சு, வரியும் நேஷனல் இன்சூரன்சும் கழிச்சு, கையில வாறது மாசம் ஏறக்குறைய 2,300 பவுண் எண்டு எழுதி, அதுக்கு கீழ வீட்டு வாடகை, சாப்பாடு, பஸ், அப்பாட லோன் எண்டு ஒவ்வொண்டா எழுதினவ. லோனுக்கு நேரா எவ்வளவு மிஞ்சும் எண்டதை தங்கச்சியைத்தான் நிரப்பச் சொன்னவ. இன்னொண்டு, அந்தச் சலுகை மொத்தமா நாலு வருஷம்தான், கிராஜுவட் விசாவில இருக்கிற காலமும் அதுக்குள்ள சேரும். அதுக்குப் பிறகு முழுச் சம்பளம் காட்டவேணும். இதை எங்களுக்கு முதல் ஒருத்தரும் வாயே துறக்கேல்ல.

எனக்கு இதில ஒரு தனி வலி இருக்கு. என்ட மச்சான் மெல்பேர்னுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனவன், முடிச்சிட்டு 485 விசாவில (அவுஸ்திரேலியாவில படிச்சு முடிச்ச ஆக்களுக்கு குடுக்கிற வேலை விசா) வேலை எண்டு நம்பிக்கொண்டு போனவன். 2024 ஜூலை 1ல இருந்து வயசெல்லையை 50ல இருந்து 35 ஆக்கினவங்கள், அவன் முடிக்கேக்க 36. ஆராய்ச்சி இல்லாமல் கோர்ஸ்வேர்க், அதாவது வகுப்புப் பாடமா, மாஸ்டர்ஸ் படிச்ச ஆளுக்கு அதில விதிவிலக்கும் இல்ல. குடும்பத்தில ஒருத்தனுக்கு இப்படி நடந்த பிறகும் தங்கச்சின்ட விஷயத்தில நாங்கள் கேள்வி கேட்காமல் உறுதியை எடுத்துக்கொண்டு பேங்குக்கு போகப் பாத்தனாங்கள், நினைக்கவே நெஞ்சு பதறுது.

போ எண்டும் அவ சொல்லேல்ல, போகாத எண்டும் சொல்லேல்ல. தங்கச்சின்ட டிகிரிக்கு ஏற்கெனவே ஆர்.ஐ.சி.எஸ் (யூகேயில இருக்கிற சர்வேயர்மாரின்ட தொழில் அமைப்பு) அங்கீகாரம் இருக்கு, அப்ப இன்னொரு புரொஜெக்ட் மேனேஜ்மெண்ட் பேப்பரைவிட சைட்டில ரெண்டு வருஷம் நிண்ட அனுபவம்தான் அங்க சீ.வில முதல் பார்ப்பாங்கள் எண்டு சொன்னவ. "திரும்பி வரவேண்டி வந்தா, இல்லாட்டி டுபாய், கட்டார் எண்டு போகவேண்டி வந்தா இந்த மாஸ்டர்ஸ் உனக்கு என்ன தரும்?" எண்டும் கேட்டவ. திரும்பி வாறதை தோல்வி மாதிரி இல்லாமல் ஒரு பிளானா கதைச்ச ஒரே ஆள் இவதான், எனக்கு அதுதான் நல்லாப் பிடிச்சுது.

குறையும் சொல்லவேணும். அப்பொயின்ட்மெண்ட் நாலு மணிக்கு, உள்ள போனது அஞ்சே கால், படியில நிக்கவேண்டியதாப் போச்சு, வயசான ஆக்களுக்கு அந்தப் படி கஷ்டம். வாகனம் விட இடமே இல்ல, பஸ்ஸிலயோ ட்ரெயினிலயோ போங்கோ. யூகேயும் அவுஸ்திரேலியாவும்தான் வடிவாத் தெரியும். ஜெர்மனி கேட்டதுக்கு, படிச்சு முடிய வேலை தேட 18 மாசம் குடுப்பாங்கள், புளொக்ட் அக்கவுண்டில (மாசம் மாசம் கொஞ்சம்தான் எடுக்கலாம் எண்டு பூட்டி வைக்கிற பேங்க் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டவேணும், அதுக்கு மேல மொழி தெரிஞ்ச ஆளைப் பாருங்கோ எண்டு நேரா சொல்லிட்டா. விசா ஃபோர்ம் நிரப்பிறது, பேங்க் ஸ்டேட்மெண்ட் பாக்கிறதெல்லாம் இவ செய்யமாட்டா, அதுக்கு வேற இடம் போகத்தான் வேணும்.

போறதெண்டா சீ.வி, ட்ரான்ஸ்கிரிப்ட், வீட்டில உண்மையா எவ்வளவு காசு இருக்கு எண்ட கணக்கு மூண்டையும் கொண்டு போங்கோ. அம்மா அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ, அந்தக் கொப்பி ஒற்றையை அவை பாக்கவேணும்.

அப்பா டெப்பொசிட் கட்டேல்ல. உறுதி அலுமாரிக்குள்ள திரும்பப் போயிட்டுது. தங்கச்சி இப்ப இராஜகிரியவில ஒரு கொம்பனியில சைட் கியூ.எஸ்ஸா நிக்கிறாள், 2027 செப்டெம்பருக்கு பாப்பம் எண்டு சொல்றாள், அந்தப் பத்துக் கொம்பனின்ட விளம்பரத்தையும் ஒவ்வொரு ஞாயிறும் துறந்து பாக்கிறாள்.