வீட்டுக்காரர் கார்டும் மைனியின் பேங்க் அலைச்சலும்

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தால் பேங்க் வேலை இல்லாமல் திரும்ப முடியாது. இந்தத் தடவை வேலை மைனியுடையது, அண்ணன் மனைவி. அண்ணன் குவைத்தில் இருக்கிறான். கல்லிடைக்குறிச்சியில் அவன் பெயரில் உள்ள கணக்கின் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் பல வருஷமாக மைனி கையில்தான். பால் காசு முதல் ஸ்கூல் ஃபீஸ் வரை அதிலிருந்துதான். நான் வருவதற்குக் கொஞ்சம் முன்பு மெஷினில் பணம் வராமலே கணக்கில் பத்தாயிரம் கழிந்துவிட்டது.

கிளையில் டோக்கன், ஏசி, உட்கார நாற்காலி எல்லாம் வந்துவிட்டன. கால் கடுக்க நிற்க வேண்டாம், ஆனால் காத்திருப்பு குறையவில்லை. எங்கள் முறை வந்ததும் அதிகாரி கேட்டார்: "கார்டு யார் பேருலம்மா?"

"வீட்டுக்காரர் பேருல சார்."

"அவரு ஊர்ல இருக்காரா?"

மைனி என் முகத்தைப் பார்த்தார்.

இப்படிப் பணம் சிக்கினால் 5 நாளுக்குள் வங்கியே கணக்கில் திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஆனால் புகார் கணக்குக்காரரிடமிருந்து வர வேண்டும் என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் 2013-இல் கணவரிடம் கார்டும் பின்னும் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இதே கதைதான், பணம் வரவில்லை, கணக்கில் கழிந்தது. கார்டை இன்னொருவரிடம் கொடுத்ததே விதிமீறல் என்று 2018-இல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குத் தோற்றது. புருஷன் பொண்டாட்டிக்குள் சம்மதம் இருந்தாலே இந்தக் கதி.

இன்னொரு வில்லங்கமும் வெளியே வந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள்? "சவத்தத் தள்ளு, பொறவு பாப்போம்" என்றுதான் அண்ணனும் இருந்திருக்கிறான்.

புருஷனோ பொண்டாட்டியோ மற்றவர் சம்மதமே இல்லாமல் பணத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் கேட்டுக்கொண்டேன். அங்கே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. பயணத்தில் நான் பார்த்த சேவைகளில் இதற்குத்தான் முதல் மார்க். எனக்கு முன்னால் பீடி சுற்றும் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுந்த அன்றே கணவர் கார்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாராம். அது குடும்பச் சண்டை மட்டும் இல்லை என்றார் வக்கீலம்மா. அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையில்லாத எண்ணத்தோடு பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. தாலி கட்டியவருக்கு அதில் விலக்கு இல்லை. செக்கில் அடுத்தவர் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தால் போலி ஆவண வழக்கும் சேரும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பணத்தைப் பறிப்பதும் வன்முறைதான். கணக்கையோ லாக்கரையோ கணவர் தொடக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போடலாம். மனைவி, தூங்கும் கணவரின் போனில் ஓடிபி பார்த்துப் பணத்தை மாற்றினாலும் 66சி அவர் மீதும் பாயும். "என் வீட்டுக்காரர் காசுதானே" என்பது அங்கே செல்லாது.

அந்த அக்காவுக்கு வக்கீலம்மா முதலில் சொன்னது வழக்கு இல்லை. "இன்னைக்கே பின்னை மாத்து தாயி, பொறவு மனு எழுதுவோம்."

அண்ணன் புகாரை மெயிலில் அனுப்பிவிட்டான். மைனி தன் பெயரிலேயே கணக்குத் தொடங்க ஆதாரும் பானும் கொடுத்திருக்கிறார். இனி குவைத்திலிருந்து பணம் நேரே அதற்குத்தான் வரும். பத்தாயிரம் இன்னும் வரவில்லை.