நாலு வருஷமாக ஒரு சைக்கிளும் டவுன் பஸ்ஸும்

புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தை விலக்கு என்போம். அந்த விலக்கிலிருந்து டவுனுக்கு 14 கிலோமீட்டர், அது பஸ். விலக்கிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர், அது சைக்கிள். நாலு வருஷமாக இப்படித்தான் போய்வருகிறேன்.

2021 மே 8-இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் எனக்குப் போக 12, வர 12, மாசம் 26 நாளைக்கு 624 ரூபாய். அது மிச்சமாகும் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் முதல் மூன்று மாசம் கையில் ஒன்றும் நிற்கவில்லை. விலக்கில் இறங்கினால் ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய், ஆள் சேராவிட்டால் 80. பஸ்ஸில் மிச்சமானது அப்படியே ஆட்டோவுக்குப் போனது. கிராமத்துப் போக்குவரத்தில் உண்மையான சிக்கல் அந்த மூன்று கிலோமீட்டர்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மகளுக்குப் பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் சும்மா கிடந்தது. அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் அதை எடுத்தேன். இரண்டு ட்யூப், செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து 650 ரூபாயில் ஓட ஆரம்பித்துவிட்டது.

சைக்கிளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது முள். எங்கள் பாதை நெடுக இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். யாராவது விறகு வெட்டிப் போட்டால் அந்த வாரம் பஞ்சர் நிச்சயம். முதல் வருஷம் மட்டும் 14 பஞ்சர். இப்போது இறங்கும்போதே டயரைக் கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறேன். முள் நுனி விரலில் தட்டுப்பட்டால் பிடுங்கிவிடலாம், அது ட்யூப் வரை போக இரண்டு நாளாகும். ஐப்பசி மழையில் வேறு கஷ்டம். கடைசி அரை கிலோமீட்டர் மண் ரோடு. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் செம்மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. அதற்கென்றே கேரியரில் ஒரு மூங்கில் குச்சி செருகி வைத்திருக்கிறேன், இறங்கிக் கிளறிவிட்டு ஏற வேண்டும். ஆடிக் காற்றில் எதிரே மிதிப்பதைவிட இறங்கித் தள்ளுவதே மேல். இத்தனைக்கும் நாலு வருஷத்தில் பின் டயர் இரண்டு முறை, செயின் ஒரு முறை மாற்றியதோடு சரி. விலக்கில் டீக்கடைக்குப் பின்னால் நிறுத்த மாசம் 100 ரூபாய் கொடுக்கிறேன். கூரை இல்லாததால் சீட்டு வெயிலில் வெடித்துவிட்டது.

பஸ்ஸைப் பொறுத்தவரை காலையில் குறையே இல்லை. மாலைதான் கஷ்டம். எட்டு மணிக்குக் கடையிலிருந்து விட்டால் 8.20 வண்டி. அந்த ட்ரிப் கட் ஆனால் அடுத்தது 9.15. நடுவில் வெளியூர் போகும் ரூட் பஸ் வரும், அதற்குக் காசு கொடுக்க வேண்டும், விலக்கில் நிற்கவும் நிற்காது. பெண்கள் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும் டிரைவரும் உண்டு. கையில் பையோடு ஓடி ஏறும்போது மனசு கனத்துவிடும். இலவசம் என்றாலும் நாங்களும் பயணிகள்தானே.

என் அம்மா சைக்கிள் கற்றது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கக் காலத்தில். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய துணை. அம்மா லேடீஸ் சைக்கிள் வேண்டாமென்று ஆம்பளைச் சைக்கிள்தான் ஓட்டுவார், முன்பாரில் என்னை உட்கார வைக்கலாம் என்பதற்காக. பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம். பாரில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டுவார், அப்படியும் தொடை வலிக்கும். முப்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. அவர் ஓட்டிய அதே பாதையில் இன்னும் ஒரு தெருவிளக்கு இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தஞ்சாவூரில் தொடங்கியது. பஸ் போகாத ஊர்களை இணைப்பதுதான் நோக்கம், வரவேற்கிறேன். எங்கள் பாதைக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் அது தனியார் வண்டி, டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் மழை நாளில் மினி பஸ், மற்ற நாளில் சைக்கிள் என்றுதான் என் கணக்கு இருக்கும்.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாட்களில் கடை சாத்த ஒன்பதரை ஆகும். அப்போது வீட்டுக்காரர் பைக்கில் வந்து கூட்டிப் போவார். மற்ற நாளெல்லாம் ஹேண்டில்பாரில் கட்டிய டார்ச்தான் வெளிச்சம்.

அக்டோபர் மாசக் கிராம சபையில் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து மனு கொடுத்தோம். விலக்கில் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம், பாதையில் ஆறு விளக்கு, ஓரத்து முள்ளை வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டுவது, இந்த மூன்றும்தான் கேட்டோம். தீர்மானத்தில் எழுதினார்கள். இரண்டு கம்பம் நட்டாகிவிட்டது. விளக்கு இன்னும் மாட்டவில்லை.