ஆசரிப்புக்கூடார மாடல் கிட்: மரத்துண்டுகள் அருமை, கையேடு வேண்டாம்

சண்டே ஸ்கூலுக்காக, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கழற்றிச் சுமந்து சென்ற வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக்கூடாரத்தின் மாடல் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். ஆனால் கூடவே வரும் கையேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். குறைகளும் சொல்லப் போவதால் விற்கிறவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆன்லைனில் தேடினால் இதே மாதிரி நாலைந்து கண்ணில் படும். பலகைகளின் பாதங்கள் தனித்தனித் துண்டுகளாக வருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

எல்லாம் லேசரில் வெட்டிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டுகள். ஒரு முழத்தை 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். அதன்படி முழத்துக்கு 9 மில்லிமீட்டர். 100 முழ நீளமும் 50 முழ அகலமும் உள்ள பிராகாரம், அதாவது கூடாரத்தைச் சுற்றியுள்ள முற்றம், 90 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் என்று வருகிறது. சாதாரண பெஞ்சில் நிற்காது, மேஜை வேண்டும். வெட்டு சுத்தமாக இருக்கிறது. ஓரங்களில் லேசர் கரி ஒட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு முன் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

பலகைகள் 48. தெற்கே 20, வடக்கே 20, மேற்கே 6, மூலைகளுக்கு 2. வேதத்தில் உள்ளபடியே ஒவ்வொரு பலகையின் அடியிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கழுந்துகள், ஒவ்வொரு கழுந்துக்கும் ஒரு பாதம். கழுந்து பாதத்துக்குள் 'டக்' என்று இறங்குகிறது, பசை தேவையில்லை. மூலைப் பலகைகள் இரண்டும்தான் அடம் பிடிக்கின்றன. பலகையின் தடிமன் எவ்வளவு என்று, கூடாரத்தை விவரிக்கும் வேதப் புத்தகமான யாத்திராகமத்தில் இல்லை. அதனால் மாடல் செய்கிற ஒவ்வொருவரும் மூலையில் ஒரு யூகம் செய்துதான் ஆகவேண்டும். இவர்களுடைய யூகத்துக்குக் கொஞ்சம் உப்புத்தாள் தேய்க்க வேண்டியிருக்கிறது. அப்புறம் பலகைகளைக் குறுக்கே பிணைக்கும் தாழ்ப்பாள்கள், பக்கத்துக்கு ஐந்து. நடுத்தாழ்ப்பாள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவப்பாய வேண்டும் அல்லவா? அதை அப்படியே செய்திருக்கிறார்கள். அது உள்ளே போகும் வரை ஆடிக்கொண்டிருக்கும் 20 பலகைகளும் போனதும் ஒரே சுவராகி நிற்கின்றன. பிள்ளைகள் இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள்.

இனி கையேடு. வழவழ தாளில் கலர் அச்சு. இளநீலம் என்றால் பரலோகம், இரத்தாம்பரம் என்றால் ராஜரீகம், சிவப்பு என்றால் இரத்தம், ஐந்து தூண் என்றால் கிருபை. பிராகாரத்து முளைகளுக்கும் கயிறுகளுக்கும்கூட ஆளுக்கொரு இரகசிய அர்த்தம். வாசிக்க சுவாரஸ்யம்தான், மறுக்கவில்லை. வாசித்து முடித்தபின் ஒரு பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தை எழுதியவர் ஒன்பதாம் அதிகாரத்தில் குத்துவிளக்கு, மேஜை, பெட்டி, கேருபீன்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் விளக்க இப்போது இடமில்லை என்று நகர்ந்து போகிறார். அவருக்கு இருந்த அடக்கம் இந்தக் கையேட்டுக்கு இல்லை.

இத்தனை விளக்கத்துக்கு நடுவில், யாத்திராகமமே வாய்திறந்து சொல்கிற கணக்கைக் கையேடு விட்டுவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ரேஷன் கடையில் விற்பனையாளர். கணக்கு என்றால் கண் அங்கேதான் போகும். பலகைகளைத் தாங்கிய பாதங்கள் வெள்ளியால் ஆனவை. அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எண்ணப்பட்ட ஆண்கள் 6,03,550 பேர். தலைக்கு அரைச்சேக்கல் வெள்ளி (சேக்கல் என்பது அந்தக் கால எடை அளவு). ஐசுவரியவான் கூட்டித் தரக்கூடாது, தரித்திரன் குறைத்துத் தரக்கூடாது என்று 30-ஆம் அதிகாரத்திலேயே சொல்லியாயிற்று. பாதியாக்கினால் 3,01,775 சேக்கல். 3,000 சேக்கல் ஒரு தாலந்து. ஆக 100 தாலந்தும் மீதி 1,775 சேக்கலும். 100 தாலந்தில் 100 பாதங்கள், பாதத்துக்கு ஒரு தாலந்து. மீதி 1,775-ஐயும் விடவில்லை, தூண்களின் கொக்கிகளும் பூண்களும் ஆனது. கரும்பலகையில் இந்த வகுத்தலைப் போட்டபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்போ ஏழை குடுத்தது எந்தப் பாதத்துல இருக்கு?" என்று கேட்டான். எதில் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் விஷயம் என்றேன். பொன்னும் இரத்தினக் கற்களும் மனம் உள்ளவர்கள் விருப்பப்படி கொடுத்தவை. போதும், இனிக் கொண்டுவராதீர்கள் என்று மோசே நிறுத்தச் சொல்லும் அளவுக்கு வந்து குவிந்தன. ஆனால் மணலைத் தொட்டு நிற்கிற அடித்தளத்தில் எல்லாருக்கும் ஒரே பங்கு.

வெள்ளி என்றால் மீட்பு என்று கையேடு எழுதியிருப்பதில் தவறில்லை. அந்த அரைச்சேக்கல் ஆத்துமாவுக்கான மீட்கும்பொருள் என்று வேதமே சொல்கிறது. அந்த ஒரு வரியை இந்தக் கணக்கோடு சேர்த்து எழுதியிருந்தால் கையேட்டையும் பாராட்டியிருப்பேன்.

இதனால்தான் பாதங்கள் தனியாக இருக்க வேண்டும் என்றேன். விலை குறைவான மாடல்களில் சுவர் ஒரே துண்டாக வரும், எண்ணவே முடியாது. இந்தக் கிட்டிலும் ஒரு குறை உண்டு. வெள்ளிப் பூச்சுப் பாதங்கள் 96 மட்டும் தந்திருக்கிறார்கள். மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு முன்னால் திரைச்சீலை தொங்கும் நான்கு தூண்களுக்கும் வெள்ளிப் பாதங்கள்தான், அவற்றோடு சேர்த்தால்தான் 100. இவர்கள் அந்த நான்கையும் அடிப்பலகையோடு ஒட்டி, வாசல் தூண்கள் ஐந்தின் பாதங்களைப் போலவே வெண்கல நிறம் பூசிவிட்டார்கள். ஒரு சில்வர் பெயின்ட் டப்பா வாங்கினால் சரியாகிவிடும். ஆனாலும் இவ்வளவு விலை கொடுத்தபின் அதை நாம் செய்ய வேண்டியதில்லை.

பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஜாடியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். உடன்படிக்கைப் பெட்டியின் மூடி திறக்கிறது. உள்ளே கற்பலகைகள், துளிர்த்த கோல், வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னா வைத்த பொற்பாத்திரம் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஜாடி அரிசியளவுதான். அதில் வைக்கச் சொன்ன அளவு ஒரு ஓமர், எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. அடுத்த நாளைக்கு வைத்த மன்னா புழுப்பிடித்து நாறியது, ஓய்வுநாளுக்காக எடுத்தது மட்டும் கெடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காக்கச் சொன்னதும் ஒரு பெரிய குதிர் இல்லை, ஒரு ஆளின் ஒரு நாள் படி. அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ நிறுத்துப் போடும்போது வரிசையில் நிற்பவர் தராசைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். 'நமக்கு உரியது குறையாமல் வருமா' என்ற பார்வை அது. மன்னா அதிகாரத்தில், மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதமில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை என்று வருவது அந்தப் பார்வைக்கான பதில் என்றே நான் நினைக்கிறேன். பவுலும் இதே வசனத்தை எடுக்கிறார், இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குக் காசு சேர்க்கும் இடத்தில் அது வருகிறது. மன்னாவின் நிறத்துக்கு அவர் விளக்கம் தேடவில்லை, பங்கீட்டைத்தான் பார்த்தார். கையேட்டிலோ ஜாடிக்கு ஒரே வரி, 'பொன் தெய்வீகத்தைக் குறிக்கும்' என்று.

துணிகள் சுமார். பஞ்சுநூல் மூடுதிரை 10, அதற்கு மேல் ஆட்டுமயிர் மூடுதிரை 11 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு துண்டு துணி, ஓரம் தைக்கவில்லை, நூல் பிரிகிறது. கோத்திரங்களின் பாளய வரைபடம் என்று ஒரு மெல்லிய தாள் வருகிறது. கிழக்கே யூதா, தெற்கே ரூபன், மேற்கே எப்பிராயீம், வடக்கே தாண், எல்லாம் சரியாக இருக்கிறது. லாமினேட் செய்துகொள்ளுங்கள்.

கிட்டில் இல்லாததில் நான் தேடியது வண்டிகளைத்தான். எண்ணாகமம் ஏழில் கோத்திரப் பிரபுக்கள் 6 வண்டிகளும் 12 மாடுகளும் கொண்டுவருகிறார்கள். கூடாரத்தைச் சுமக்கும் மூன்று லேவியக் குடும்பங்களில், துணிகளைச் சுமக்கும் கெர்சோனியருக்கு 2 வண்டி, 4 மாடு. பலகையும் பாதமும் தாழ்ப்பாளும் சுமக்கும் மெராரியருக்கு 4 வண்டி, 8 மாடு. பெட்டியையும் மேஜையையும் தோளில் சுமக்க வேண்டிய கோகாத்தியருக்கு ஒன்றும் இல்லை. சமமாக இரண்டிரண்டு என்று பிரித்திருந்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும், மெராரியரின் முதுகு முறிந்திருக்கும். அரைச்சேக்கலில் எல்லாருக்கும் ஒன்று, வண்டியில் சுமைக்குத் தகுந்தபடி. ஒரே வனாந்தரத்தில் இரண்டு விதமான ஒழுங்கும் இருக்கிறது, இரண்டும் மனிதரை மனதில் வைத்துத்தான். எங்கள் பிள்ளைகள் தீப்பெட்டியில் வண்டி செய்து, 48 பலகைகளையும் ஏற்ற முயன்றபோது யாரும் விளக்காமலே இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வண்டியில் அடங்கவே அடங்காது.

வாங்கினால் கவனிக்க வேண்டியவை: ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடாதீர்கள். கழற்றி, சுமந்து, மறுபடி நிறுத்துவதுதான் இதில் பாடமே. எம்டிஎஃப் மழைக்கால ஈரத்தில் உப்பும், அதனால் கழுந்துகள் பிறகு இறங்காது. வகுப்பு முடிந்ததும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் பாதங்களைத் தராதீர்கள், தொலைந்துவிடும், வாயில் போட்டுக்கொள்ளவும் கூடும். கூடாரங்களும் வண்டிகளும் தனி செட்டாக வரப்போவதாக விற்கிறவர்கள் போட்டிருக்கிறார்கள். தீப்பெட்டி இருக்கும்வரை அதற்குக் காசு கொடுக்க மாட்டேன். அந்தக் காசுக்கு இரண்டாவது கிட் வாங்கி, பக்கத்துக் கிராமத்துச் சபைக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கையேட்டை எடுத்துவிட்டுத்தான்.